பெங்களூரில் பர்சனல் டிரெய்னர் ஆவது எப்படி: சொந்தப் பயிற்சியிலிருந்து முதல் வாடிக்கையாளர் வரை

ஜனவரி மாதம் பெங்களூர் ஜிம்களில் டிரெட்மில்லுக்கு வரிசை நிற்கும். உகாதி வருவதற்குள் அந்த வரிசை கரைந்துவிடும். ஆண்டுச் சந்தா கட்டியவர்களில் பலருடைய முகத்தை அதற்குப் பிறகு பார்க்கவே முடியாது. அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள், இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பிச் சமைக்கிறவர்கள் அவர்கள். கருவிகளுக்கும் தகவல்களுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. இன்று வந்தவரை அடுத்த வாரமும், அடுத்த வருடமும் வரவைக்கத் தெரிந்த ஆட்கள்தான் போதவில்லை. பர்சனல் டிரெய்னரின் வேலை அதுதான்.

ஸ்ரீராமபுரம், அல்சூர், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ் இளைஞர்கள் என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எந்தச் சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்கும்? சான்றிதழ் வேண்டும்தான். ஆனால் இந்த வழிகாட்டியில் அது மூன்றாவது படியாகத்தான் வருகிறது. தன் உடலை ஒழுங்காகப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லத் தெரியாதவர், நாற்பது வயதில் முதுகுவலியோடு வரும் ஒருவரை எப்படி அழைத்துச் செல்வார்?

முதல் படி: உங்கள் பயிற்சியை நிலைப்படுத்துங்கள்

குறைந்தது ஆறு மாதமாவது நீங்களே விடாமல் பயிற்சி செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுடல் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வர மனமில்லாத நாளில் உள்ளே என்னென்ன சமாதானம் ஓடுகிறது, எது உங்களை எழுப்புகிறது, எது படுக்கவைக்கிறது என்பதை நேரடியாகத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பித் தொடங்கியவர் 22-ஆம் நாள் காலையிலும் சலிப்பாக இருப்பதைக் கண்டு, குறை தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்கைச் சொல்கிறது. ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிக்கும் பழக்கத்தைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உடைந்துவிடவும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். ஒரு நாள் போனால் போகட்டும். அடுத்த நாளையும் அதனோடு சேர்த்து விட்டுவிடாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்து, நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். “தினமும் செய்ய வேண்டும்” என்ற நினைப்பு எந்த நாளிலும் ஒட்டாமல் நழுவும். “காலையில் நந்தினி பால் பாக்கெட்டை வாங்கிச் சமையலறையில் வைத்ததும் ஷூ போட்டுக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்குப் போவேன்” என்ற முடிவு நிற்கும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதுதான்: எப்போது, எங்கே, எப்படி என்று முடிவு கட்டியவர்கள், ஆசையை மட்டும் வைத்திருந்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள்.

இடம் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போக வேண்டிய ஜிம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். நடந்து போகும் தொலைவில் இருக்கும் சாதாரண ஜிம், அல்லது கம்பிகள் நட்ட பூங்கா, அதுவே போதும். ஜூன் முதல் அக்டோபர் வரை மாலை மழை வரும் என்று தெரிந்த ஊர் இது. ஆகவே வீட்டுக்குள் செய்ய நான்கு பயிற்சிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்: பஸ்கி, தண்டால், பிளாங்க், படுத்துக்கொண்டு இடுப்பை உயர்த்துதல். பத்துக்குப் பத்து அறையில் இவை அடங்கும்.

தொடக்கத்தில் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். இது குறைவாகத் தோன்ற வேண்டும். இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்ற நினைப்போடு வீடு திரும்புகிறவர் மறுபடி வருகிறார். அங்கிருந்து மெல்ல ஏறி, உலக சுகாதார அமைப்பு 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவை எட்டுங்கள்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரு உளவியலாளர்கள், மனிதன் ஒன்றைத் தானாகத் தொடர மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள். அது தன் விருப்பமாக இருக்க வேண்டும். திறமை வளர்வது தெரிய வேண்டும். கூட யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு வேண்டும். இதை உங்கள் மேல் சோதித்துப் பாருங்கள். ஓட்டம் பிடிக்காவிட்டால் ஓடாதீர்கள்; சிலம்பம் சுற்றுங்கள், நீந்துங்கள். எத்தனை தண்டால், எந்த எடை, முந்திய இரவு எவ்வளவு தூக்கம் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் வருடக்கணக்காக நடக்கும் முதியவர்களைக் கவனித்தால், அவர்களில் பெரும்பாலோர் கூட்டமாகவே நடப்பது தெரியும். அவர்கள் எழுந்து வருவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பேச்சு.

இரண்டாம் படி: உடலைப் படியுங்கள்

பயிற்சிகளின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அசைவுகள் சிலதான்: உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடித்துக் குனிந்து நிமிர்வது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, உடலைத் திருப்புவது. ஸ்குவாட்டும் பஸ்கியும் முதல் வகை. டெட்லிஃப்ட் இரண்டாவது. தண்டால் மூன்றாவது, புல்-அப் நான்காவது. ஒவ்வொரு அசைவிலும் எந்த மூட்டு மடிகிறது, எந்தத் தசை சுருங்குகிறது, எது தாங்கி நிற்கிறது என்று படம் வரைந்து படியுங்கள். பழைய பேட்டைப் பகுதியில் இன்னும் உயிரோடு இருக்கும் கரடி மனை (பழைய பாணி உடற்பயிற்சிக்கூடம்) ஒன்றுக்கு ஒருமுறை போய்க் கரலாக்கட்டை சுற்றுவதைப் பாருங்கள். தோள்மூட்டு எத்தனை திசையில் அசையும் என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றுவது என்ற கொள்கையை ஆழமாகப் புரிந்துகொள்ளுங்கள். 1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் காயம்பட்ட வீரர்களின் முழங்கால்களை இந்த முறையில்தான் தேற்றினார். உடல் பழகிய அளவுக்குச் சற்று மேலே ஒரு சுமை, பிறகு ஓய்வு, பிறகு இன்னும் சற்று மேலே. இன்றைய எல்லாப் பயிற்சித் திட்டங்களும் இதன் மேல்தான் நிற்கின்றன.

உணவைப் பற்றியும் அடிப்படை தெரிய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் பரிந்துரைத்த புரத அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவருக்கு 1.6 கிராம் வரை பலன் தரும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோ ஆளுக்கு இது 50 கிராமுக்கும் 96 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு முட்டையில் 6 கிராம். உலர்ந்த சோயா உருண்டை 100 கிராமில் 50 கிராமுக்கு மேல். இட்லி சாம்பார் சாப்பிடும் வீட்டில் சுண்டல், முட்டை, தயிர், மீன் இவற்றைக் கூட்டச் சொல்லத் தெரிந்தால் பெரும்பாலோருக்குப் போதும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் உள்ளவர்களின் உணவுத் திட்டத்தை உணவியல் நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: சான்றிதழ்

இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் கட்டாயம் இல்லை. அதனால்தான் தரமற்ற வார இறுதிப் படிப்புகள் மலிந்து கிடக்கின்றன. நல்ல ஜிம்கள் மதிக்கும் சான்றிதழ்கள் சில: அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்ஸர்சைஸ் என்ற ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம்., ஏ.சி.எஸ்.எம். ஆகியவை வெளிநாட்டு அமைப்புகள். மும்பையின் கே11 போன்ற இந்தியக் கல்விக்கூடங்களும் உண்டு. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் விளையாட்டு, உடற்கல்வித் துறைக்கான திறன் கவுன்சில் தரும் ஃபிட்னஸ் டிரெய்னர் சான்றிதழும் இருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழ் எடுப்பதாக இருந்தால், அதற்கு என்.சி.சி.ஏ. (சான்றிதழ்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பாட்டியாலாவின் தேசிய விளையாட்டுக் கல்வி நிறுவனம் தரும் டிப்ளமோ சிறப்பானது, ஆனால் அது குறிப்பிட்ட விளையாட்டுகளுக்கான பயிற்றுநர்களுக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தமிழ்வழியிலும் கன்னடவழியிலும் படித்தவர்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. தசைகளின் லத்தீன் பெயர்கள் ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புதியவைதான். நாளைக்குப் பத்துச் சொல் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்கள் உடலில் தொட்டுக் காட்டிப் பழகுங்கள்.

நான்காம் படி: உயிர் காக்கும் அறிவு

2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது இந்த ஊரே நிலைகுலைந்தது. அன்று காலை உடற்பயிற்சிக்குப் பிறகு அவருக்கு உடல்நலம் குன்றியது என்ற செய்தி பரவியதும், ஜயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குப் பெருங்கூட்டம் திரண்டது. பயிற்சியே ஆபத்து என்ற பயமும் பரவியது. அந்தப் பயத்துக்கு நியாயமான பதில் சொல்லும் பொறுப்பு டிரெய்னருக்கு இருக்கிறது: முறையான பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் யாரையும் விசாரிக்காமல் பயிற்சியில் இறக்கக் கூடாது.

பார்-க்யூ பிளஸ் என்ற கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள் இருக்கின்றன. இதயநோய் அல்லது உயர் ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வேறு நாள்பட்ட நோய்கள், மருந்துகள், எலும்பு மூட்டுத் தொல்லைகள், மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்களா என்பது. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மேற்கொண்டு விசாரியுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்களில் அவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்கப் பையில் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிடுவோருக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. அவர்களிடம் கைக்கடிகார எண்ணைப் பார்க்காமல், பேச முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியம் பேச முடிந்தால் மிதமான அளவு. ஓரிரு சொல்லுக்கு மேல் வரவில்லையென்றால் கடுமையான அளவு.

இதயம் நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவிப் பயிற்சியை நேரில், பொம்மையின் மேல் அழுத்திக் கற்றுக்கொள்ளுங்கள். காணொளி போதாது. ஒருவர் சுருண்டு விழுந்து, அசைவின்றி, சரியான மூச்சும் இல்லாமல் கிடந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். வேலைக்குச் சேரும் ஜிம்மில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஜிம் தளத்தில் ஒரு வருடம்

நேராகத் தனியாகத் தொழில் தொடங்காதீர்கள். ஒரு வருடமாவது ஜிம் தளத்தில் நில்லுங்கள். விதவிதமான உடல்களையும் தவறுகளையும் சாக்குகளையும் வேறெங்கும் இத்தனை அருகில் பார்க்க முடியாது. சம்பளம் எவ்வளவு, தனிப் பயிற்சிக் கட்டணத்தில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை நேரம் காலை ஐந்தரையிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து பத்து என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இங்கேதான் பல டிரெய்னர்களின் சொந்தப் பயிற்சி செத்துப்போகிறது. நாள் முழுவதும் ஜிம்மில் இருந்துகொண்டே, தான் ஒரு செட்கூடச் செய்யாமல் வீடு திரும்புவார்கள். பதினோரு மணியை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். அதை ஒரு வாடிக்கையாளரின் நேரம் போலவே ஏட்டில் எழுதுங்கள். மதியம் தூங்குங்கள். கன்னடமும் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணுவதும் மூச்சுக்கான கட்டளைகளும் வாடிக்கையாளரின் மொழியில் வந்தால் அவருடைய தோள் தானாகத் தளரும்.

ஆறாம் படி: முதல் வாடிக்கையாளர்

உதாரணமாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை, 45 வயது, நாளெல்லாம் நாற்காலி, இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், பெண்களுக்கு 80. முழங்காலில் லேசான வலி. மருத்துவர் பயிற்சிக்கு அனுமதி தந்திருக்கிறார்.

முதல் இரண்டு வாரம், வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பட்டையை இழுப்பது, படுத்து இடுப்பை உயர்த்துவது, இரு கையிலும் டம்பெல் பிடித்து நடப்பது. நடையைத் தவிர மற்றவை எட்டு முதல் பத்து ரெப் (தடவை), இரண்டு செட் (சுற்று). இடையில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் மூன்று ரெப் செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். சுமையைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடச் சொல்லுங்கள். புதிதாகப் பயிற்சி செய்தவருக்குத் தசைவலி 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டும். முதல் நாளே சக்கையாகப் பிழிந்து, மறுநாள் அவர் மெட்ரோ நிலையப் படியில் இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றால், அவரை நீங்கள் இழந்துவிட்டீர்கள். ஓரிரு நாள் கழித்துத் தாங்க முடியாத வலியும் வீக்கமும் அடர்ந்த பழுப்பு நிறச் சிறுநீரும் வந்தால் அது சாதாரண வலியே அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

அவர் வராத நாளில் என்ன செய்வீர்கள்? இந்தத் தொழிலின் முழுத் திறமையும் இங்கேதான் வெளிப்படுகிறது. “ஏன் வரவில்லை?” என்று கேட்டால் சாக்கு வரும், அல்லது வெட்கம் வரும். “இந்த வாரம் மீதி இருக்கும் நாட்களில் எது உங்களுக்கு வசதி, சார்?” என்று கேளுங்கள். வில்லியம் மில்லரும் ஸ்டீஃபன் ரோல்னிக்கும் வகுத்த உரையாடல் முறையில் ஓர் அருமையான கேள்வி இருக்கிறது. பயிற்சி உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் ஐந்து என்கிறார். ஏன் பத்து இல்லை என்று கேட்டுவிடாதீர்கள். ஏன் இரண்டு இல்லை என்று கேளுங்கள். மகளோடு இறகுப்பந்து ஆட வேண்டும், அப்பாவுக்கு வந்த நோய் தனக்கு வரக் கூடாது என்று அவருடைய வாயிலிருந்தே காரணங்கள் வரும். நீங்கள் சொல்லும் பத்துக் காரணத்தைவிட அவர் சொன்ன ஒன்றுக்குப் பலம் அதிகம். அதைக் குறித்துவைத்து, சோர்ந்துபோகும் வாரத்தில் நினைவூட்டுங்கள்.

எடையை மட்டும் அளக்காதீர்கள். அது மெதுவாக நகர்ந்து மனதை உடைக்கும். 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறார், இடுப்பளவு என்ன, காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு எவ்வளவு என்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏதாவது ஒன்று முன்னேறியிருக்கும்.

பெண் வாடிக்கையாளரோ ஆணோ, தொட்டுத் திருத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். நம் வீட்டு அம்மாக்களும் அக்காக்களும் ஜிம் வாசலிலேயே தயங்கி நிற்பதற்குக் கண்ணாடிகளும் பார்வைகளும்தான் காரணம். பெண் டிரெய்னர்கள் இந்த ஊருக்கு இன்னும் நிறையத் தேவை. தங்கைகளுக்கு ஆர்வம் இருந்தால் தடுக்காதீர்கள்.

ஏழாம் படி: சொந்தத் தொழில்

சர்ஜாப்பூர் சாலை, பெல்லந்தூர் அடுக்குமாடிகளில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறவர்களுக்குத் தேவை இருக்கிறது. கட்டணம் குறிக்கும்போது பயண நேரத்தையும் சேருங்கள். ஒரு மணி நேர வகுப்புக்குப் போக வர ஒன்றரை மணி நேரமென்றால், நீங்கள் விற்பது இரண்டரை மணி நேரம். ஒரே வளாகத்தில் மூன்று பேர் கிடைக்கும்வரை தூரத்து ஆளை ஏற்காதீர்கள். மாதக் கட்டணம் முன்பணமாக, முந்திய இரவுக்குள் சொல்லாமல் ரத்து செய்தால் அந்த வகுப்பு கணக்கில் சேரும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். கப்பன் பூங்காவும் லால்பாக்கும் கர்நாடகத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருப்பவை. அங்கே கட்டண வகுப்பு நடத்த நினைத்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

இரண்டு விஷயங்களுக்குக் கைநீட்டவே நீட்டாதீர்கள். ஒன்று, ஸ்டீராய்டு ஊசி. மருத்துவர் அல்லாத எவரும் அதைத் தரக் கூடாது. இதயமும் கல்லீரலும் கெட்டுப்போன இளைஞர்களின் கதை எல்லா ஜிம் வட்டாரத்திலும் உண்டு. இரண்டு, புரதப் பொடி விற்றுக் கமிஷன் வாங்குவது. யாராவது பொடி வாங்க விரும்பினால் டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

சான்றிதழ் கிடைத்ததும் அதன் காலாவதித் தேதியைக் குறித்துவையுங்கள். ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். இரண்டையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 20 மணி நேரம் அளவுக்கு மேற்படிப்பு முடித்திருக்க வேண்டும். அந்த மணி நேரங்களை முதியோர் பயிற்சிக்குச் செலவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தனியாக வாழும் தாத்தா பாட்டிகளுக்குத் தமிழில் பேசி, கையைப் பிடித்து, ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்கச் சொல்லிக்கொடுக்கும் டிரெய்னர்கள் மிகக் குறைவு.